பரிதாபப் படங்கள் போதும்!

கடலூரை வெளியுலகம் ஒரு படத்தின் மூலம் அறியும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து வந்து, இம்மாவட்டத்துக் கரையோரக் குப்பங்களில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. இரு நாட்கள் கழித்து, 28-ஆம் நாள், ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் நிழற்படக்காரர் ஆர்கோ தத்தா இங்கே ஒரு படம் பிடித்தார். மணலோடு மணலாக வீழ்ந்து, இரு கைகளையும் விரித்துக் கதறும் ஒரு பெண்; படத்தின் ஓரத்திலே, மாண்டுபோன உறவினரின் கை மட்டும். அவ்வளவே படம். அந்த ஆண்டின் தலைசிறந்த பத்திரிகைப் படமென்று ‘வேர்ல்டு பிரஸ் போட்டோ’ அமைப்பினர் அதற்குப் பரிசளித்தனர்.

படம் பிடித்தவர் பெயரை உலகம் அறிந்தது. நிறுவனத்தின் பெயரை அறிந்தது. பரிசின் பெயரை அறிந்தது. படத்தில் இருந்தவர்? அடிக்குறிப்பு அவரை ‘இந்தியப் பெண்’ என்று கூறி, கடலூரில் உறவினரை இழந்து புலம்புகிறார் என்று முடித்துக்கொண்டது. பெயர் இல்லை!

திருப்பாதிரிப்புலியூருக்குப் புராணம் ஒன்று உண்டு. கல்லோடு பிணைத்துக் கடலிலே எறியப்பட்ட நாவுக்கரசர், அந்தக் கல்லையே தெப்பமாகக் கொண்டு இந்தக் கரையில் வந்தேறினார் என்பர். கல் மிதக்குமா என்று கேட்கும் வேலையை இங்கே நாம் தொடங்கவில்லை; அது வேறு நாள் வேலை. நாம் கேட்பது இதுதான்: கதையில் கரையேறியவருக்குப் பெயர் உண்டு, பதிகம் உண்டு, கோயில் உண்டு, விழா உண்டு. கண்முன்னே கடல் ஏறி வந்து எல்லாவற்றையும் பறிகொடுத்து நின்ற தாய்க்கு, ஒரு படத்தின் அடியிலே பெயர் இருக்கக்கூடாதா?

ஆர்கோ தத்தாவை நாம் குறை கூறவில்லை. பேரழிவின் நடுவே செய்திக்காரர் செய்யவேண்டிய வேலையை அவர் செய்தார், செவ்வனே செய்தார். அன்று அவர் அங்கே நில்லாதிருந்தால் தேவனாம்பட்டினத்தின் துயரம் தில்லிக்கே எட்டியிராது, உலகுக்கு எப்படி எட்டும்? நமது வழக்கு செய்திக்காரரோடு அன்று. துயரம் நடந்து பல நாளான பின்னும், அவசரம் ஏதுமில்லாத போதும், அதே முறையில் ஏழையின் முகத்தை எடுத்தாளும் பழக்கத்தோடுதான் நமது வழக்கு.

2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் வந்தது. முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும் படுத்தன. 2015 நவம்பரில் வெள்ளம் வந்தது. ஒவ்வொரு முறையும் என்ன கண்டோம்? அரிசிப் பையை நீட்டும் கை ஒன்று, வாங்கும் கை ஒன்று, இரண்டுக்கும் நடுவே நான்கு தலைகள், ‘அம்மா, இந்தப் பக்கம் பாருங்க!’ என்றொரு குரல். பையைக் கொடுத்தும் விடவில்லை, படம் முடியும் வரை! கொடுப்பவர் சிரிக்கிறார், வாங்குபவர் எந்த முகத்தைக் காட்டுவது என்று அறியாமல் நிற்கிறார். ஐந்து கிலோ அரிசிக்கு விலை, ஒருவருடைய முகம். காசநோயாளிக்குச் சத்துணவுப் பொட்டலம் வழங்கும் நிகழ்ச்சியிலும் இதே காட்சி. நோயாளியின் முகம் மாலைக்குள் ஊரின் ஒவ்வொரு கைப்பேசிக்கும் சென்று சேருகிறது. அந்த வீட்டிலே கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் என்ன ஆகும் என்று பொட்டலம் வழங்கிய பெருமகனார் எண்ணியதுண்டோ?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தந்தையை இழந்த குழந்தைகளின் முகங்களைக் காமிராக்கள் முற்றுகையிட்டன. சாராயம் காய்ச்சியவன் முகத்தைத் துணியால் மூடி அழைத்துப் போகிறார்கள். பலியானவன் மகனின் முகத்தைப் பட்டப்பகலில் பளிச்சென்று காட்டுகிறார்கள். குற்றவாளிக்குத் திரை, குழந்தைக்கு வெளிச்சம்! இதற்குப் பெயர் விழிப்புணர்ச்சியாம்!

இதற்கு மாற்று உண்டு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் நாம் வலியுறுத்த வந்திருக்கிறோம். கூட்டாகப் பிடிக்கும் உருவப்படம் என்று அதைச் சொல்லலாம். படம் பிடிப்பவரும் படத்தில் இருப்பவரும் கூடி அமர்ந்து, எங்கே நிற்பது, எதைக் கையில் வைத்திருப்பது, எதைக் காட்டுவது, எதை மறைப்பது, எந்தப் படத்தை வைத்துக்கொண்டு எதை அழிப்பது, அடியிலே என்ன எழுதுவது, எந்தச் சுவரில் மாட்டுவது — அத்தனையையும் சேர்ந்து முடிவு செய்வது. பொத்தானை யார் அழுத்தினார் என்பதிலே பெரிய பேதமில்லை. இறுதிச் சொல் யாருடையது என்பதிலேதான் பேதம்.

பரிதாபப் படத்தின் குலமுறையைச் சற்றுப் பாருங்கள், தோழர்களே! 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தின்றது. அப்போது வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற வெள்ளைக்காரப் படை அதிகாரி, எலும்பும் தோலுமான மக்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் பிடித்தார். உட்கார்ந்தவர்களுக்கு முதுகு நிமிரவில்லை. ஆனாலும் கூட்டம் கூட்டமாக, அழகாக அடுக்கப்பட்டிருந்தார்கள். படம் பிடித்தபின் அவர்களுக்குச் சோறு போட்டாரா என்ற கேள்வியை அவர் காலத்தவரே எழுப்பினர். அதே ஹூப்பர் 1886-இல் பர்மாவில், சுட்டுக் கொல்லப்படவிருந்த கைதிகளைச் சாகும் கணத்தில் படம் பிடிக்க முனைந்து விசாரணைக்கு ஆளானார். பஞ்சத்தில் பிடித்ததும் பர்மாவில் பிடித்ததும் ஒரே கண்தான்.

அடுத்து எட்கர் தர்ஸ்டன். எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவர். ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ என்ற ஏழு தொகுதிகளை வெளியிட்டவர். அளவுகோலை எடுத்து நம் பாட்டன்மாரின் மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார், நேரே ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். படத்தின் அடியிலே மனிதன் பெயர் இருக்காது. சாதியின் பெயர் இருக்கும். சாதி என்பது உடம்பிலே எழுதியிருக்கிறது என்று காட்ட விஞ்ஞானம் என்னும் வேடம்! மனுவுக்கு நூல் போதுமாயிருந்தது. தர்ஸ்டனுக்குக் காமிராவும் வேண்டியிருந்தது.

இது வெள்ளையன் குற்றம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். நோயைப் பற்றி நாம் காட்டிய படங்களுக்கு வருவோம்.

தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி. 1873-லேயே நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதைக் கண்டறிந்துவிட்டார். 1940-களில் டாப்சோன் மருந்து வந்துவிட்டது. ஆனால் 1954-இல் நம் கொட்டகைகளில் ஓடிய ‘ரத்தக்கண்ணீர்’ என்ன காட்டியது? எம். ஆர். ராதாவின் நடிப்பிலே நாம் மெய்மறந்தோம். வைதீகத்தையும் போலி ஆசாரத்தையும் அவர் கிழித்த கிழிப்பிலே கைதட்டினோம். தட்டவேண்டியதுதான். ஆனால் கதையின் அடிமரம் எது? தாசி வீடு போனான், தாயை உதைத்தான், ஆகவே தொழுநோய் வந்தது! செய்த பாவத்துக்குத் தண்டனையாக நோய் வரும் என்று புராணீகன் சொன்னால் எள்ளி நகையாடும் நாம், அதையே நமது கலைஞர் நடித்துக் காட்டியபோது எழுந்து நின்று கேட்டோமா? கர்ம வியாதி என்ற சொல்லை ஊரிலிருந்து விரட்ட வேண்டியவர்கள், அதற்கு ஒப்பனை போட்டு மேடையேற்றினோம். கலையில் பெரியது என்பதற்காகக் கருத்தில் பிழையை மன்னிக்கும் வழக்கம் பகுத்தறிவாளனுக்கு ஆகாது.

அந்தப் படமும் அதைப் போன்ற ஆயிரம் சுவரொட்டிகளும் — மழுங்கிய விரல், சரிந்த மூக்கு, உண்டியல் — என்ன பயன் விளைத்தன? பார்த்தவன் கிருமிக்கு அஞ்சவில்லை, நோயாளிக்கு அஞ்சினான். தொழுநோயின் தொடக்கம் என்ன? தோலிலே வெளிறிய ஒரு திட்டு. தொட்டால் உணர்ச்சி இராது. அந்த நாளிலேயே மருந்து தொடங்கினால் விரல் மழுங்காது, மூக்குச் சரியாது, சில நாட்களில் பிறருக்குத் தொற்றுவதும் நின்றுபோகும். உலகச் சுகாதார அமைப்பு 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஓராண்டோ உண்டால் நோயே தீரும், இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் தன் தோளிலே திட்டைக் கண்ட இளைஞன் என்ன செய்கிறான்? சுவரொட்டியிலிருந்த அந்த முகம் அவன் மனத்திலே எழுகிறது. ‘நானும் அதுவா?’ என்று நடுங்குகிறான். சட்டையை இழுத்து மூடிக்கொள்கிறான். மறைத்த ஆண்டுகளிலே நரம்பு சாகிறது, விரல் மழுங்குகிறது. எந்தப் படத்தைக் காட்டி அச்சுறுத்தினார்களோ அந்தப் படமாகவே அவனை ஆக்கிவிடுகிறார்கள்! தொழுநோயாளரை அடைத்துவைக்க 1898-இல் இயற்றிய சட்டம் 2016-இல்தான் நீங்கியது. மணமுறிவுக்குத் தொழுநோய் ஒரு காரணம் என்ற விதி 2019-இல்தான் நீங்கியது. சட்டப் புத்தகத்திலிருந்து போயிற்று. மனச்சுவரில் ஒட்டிய சுவரொட்டி இன்னும் போகவில்லை.

எச்.ஐ.வி. கதையும் இதுவே. இந்தியாவில் அந்தக் கிருமியை முதன்முதல் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவர்கள் — சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும், 1986-இல். கண்டறிந்த பெருமை தமிழகத்துக்கு. பின்பு? மண்டையோடு, எலும்புக்கூடு, ‘உயிர்க்கொல்லி’ என்ற சிவப்பு எழுத்து. பிறகு ஊர்ச் சுவரெல்லாம் புள்ளிராஜா என்றொரு கற்பனை மனிதன். அவனுக்கு எய்ட்ஸ் வருமா என்ற கேள்வி. பெயர் பரவியது, தெருப்பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்யப் பயன்பட்டது. கிருமியோடு உண்மையிலே வாழும் மனிதன், மனைவி, பிள்ளை — அவர்கள் முகம் எங்கே, அவர்கள் வாக்கு எங்கே? 1998-இல் கௌசல்யா போன்ற பெண்கள் சென்னையில் தமக்கென ஓர் அமைப்பைத் தொடங்கி, தம் பெயரோடும் முகத்தோடும் எழுந்து பேசியபோதுதான் எலும்புக்கூடு சற்றே பின்வாங்கிற்று.

அமெரிக்காவிலும் இதே சண்டை நடந்தது. 1988-இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் நிக்கோலஸ் நிக்சன் என்பவர் எய்ட்ஸ் நோயாளிகளின் படங்களைக் காட்சிக்கு வைத்தார். நாளுக்கு நாள் உருகிச் சாகும் முகங்கள். நோயோடு வாழ்ந்தவர்களும் தோழர்களும் கூடத்துக்கு உள்ளேயே சென்று துண்டறிக்கை கொடுத்தனர். எங்களைப் பார்த்தது போதும், எங்கள் பேச்சைக் கேளுங்கள் என்பது அதன் சாரம்.

பின்னர் தென்னாப்பிரிக்கரான நிழற்படக்காரர் கிடியன் மெண்டலும், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கியரும் ஒரு முயற்சியில் இறங்கினர். எச்.ஐ.வி.யோடு வாழ்வோர் கையிலே காமிராவைக் கொடுத்து, பயிற்சி தந்து, தம்மைத் தாமே படம் பிடிக்கச் செய்தனர். மெக்சிகோ நகரம், ஜோகன்னஸ்பர்க், பாங்காக், நமது மும்பை என்று நகரம் நகரமாகச் சென்றனர். நூற்று முப்பதுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். 2019-இல் நூலாக வந்தது. அவர்கள் எதைப் படம் பிடித்தார்கள்? சாவை அல்ல. மாத்திரை டப்பா, சமையற்கட்டு, காதலன், கட்டில், கண்ணாடியில் தன் முகம். பார்ப்பவனுக்கு அதிர்ச்சி எங்கே வருகிறது தெரியுமா? ‘இது என் வீடு போலவே இருக்கிறதே!’ என்ற இடத்தில். பரிதாபம் பார்ப்பவனை உயரத்தில் நிறுத்தும். இந்த அதிர்ச்சி அவனைத் தரைக்கு இறக்கும்.

லண்டனில் ஆண்டனி லுவேரா வீடற்றவர்களோடு 2002 முதல் செய்து வருவது இன்னும் எளிது. காமிராவை முக்காலியில் நிறுத்துகிறார், வேலையைச் சொல்லிக்கொடுக்கிறார், பொத்தானோடு இணைந்த கம்பியை அவர்கள் கையிலேயே தந்துவிடுகிறார். இடம் அவர்கள் தேர்வு, நொடி அவர்கள் தேர்வு, எந்தப் படம் நிற்கவேண்டும் என்பதும் அவர்களோடு கலந்து முடிவாவது. அதே நாட்டில் ஜோ ஸ்பென்ஸ் என்ற நிழற்படக்காரி 1982-இல் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார். மருத்துவமனையில் தம் உடம்பின் மேல் தமக்கே உரிமையில்லாததுபோல நடத்தப்படுவதைக் கண்டார். அறுவைக்குப் போகுமுன் மார்பின் மேலேயே, இது ஜோ ஸ்பென்ஸின் உடைமையா என்று கேள்விக்குறியோடு எழுதி, தோழர் ஒருவர் துணையோடு படம் பிடித்துக்கொண்டார். வெட்கம் என்ற பெயரால் கட்டியை மறைத்து, கடைசி நாளில் அடையாற்றுக்கு ஓடிவரும் நம் தாய்மார்களை எண்ணிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்கவேண்டும்.

‘இதெல்லாம் மேல்நாட்டுப் பாணி, நம் ஊர்க் கிழவிக்கு ஏது காமிரா, ஏது கலை?’ என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்கள்தாம் அதிகம் கேட்கிறார்கள்! சீனத்து யுன்னான் மாகாணத்தில், 1990-களில், கரோலின் வாங் என்ற ஆய்வாளரும் துணைவர்களும் 62 கிராமத்துப் பெண்களிடம் காமிரா தந்தனர். பலர் உழவு வேலை செய்பவர்கள், எழுத்தறிவு குறைந்தவர்கள். குழந்தைகளைக் கவனிக்க ஆளில்லாத அவலம், நீருக்கு நடக்கும் தொலைவு, மருத்துவச்சி இல்லாப் பேறு — அவர்கள் பிடித்த படங்கள் அதிகாரிகள் முன் வைக்கப்பட்டன. குழந்தைக் காப்பகம், மருத்துவச்சிப் பயிற்சி, பெண்பிள்ளைகளுக்குக் கல்வி உதவி என்று திட்டங்கள் வந்தன. கலை தெரியாதவர்கள் பிடித்த படம் அது!

அதுவும் வேண்டாம். நம் ஊரையே பார்ப்போம். திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் இருந்ததைப் போன்ற பழைய போட்டோ ஸ்டுடியோக்களை நினைத்துப் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு கண்ணாடி. அதன் அடியில் ஒரு சீப்பு. ஒரு பவுடர் டப்பா. சிலவற்றில் ஆணியில் ஒரு கோட்டும் தொங்கும். மூட்டை தூக்கி வந்தவர் அங்கே முகம் கழுவினார், தலை வாரினார், கோட்டை மாட்டினார், ‘இப்படி எடுங்க’ என்றார். ஸ்டுடியோக்காரரும் தாடையைச் சற்றே தூக்கி, தோளை நேராக்கி, ‘சரியா இருக்கா?’ என்று கேட்டு எடுத்தார். பின்னாலே பூங்காவும் மாளிகையும் எழுதிய திரை, பொய்தான். ஆனாலும் அந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்தது யார்? படத்தில் இருந்தவர்! காசு கொடுத்து வந்தவரிடம் ஸ்டுடியோக்காரர் காட்டிய அந்த மரியாதையை, காசில்லாதவரிடம் தொண்டு செய்யப் போகிறவர் காட்டுவதில்லை. சீப்பு கொடுக்காதது மட்டுமா? தலை கலைந்திருந்தால்தான் நல்லது என்று நினைக்கிறார்!

(படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சி ஓடிய பெரியவர்களும் இதே ஊரில் இருந்தார்கள். செத்தபின் நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சுற்றம் சூழ ஒரே ஒரு படம். உயிரோடிருந்த நாளில் ஒரு படமும் இல்லாத வீடுகள் எத்தனை! மூடநம்பிக்கை முகத்தையும் தின்றது.)

தமிழகத்தின் இன்றைய எடுத்துக்காட்டு பழனிக்குமார். மதுரையில் மீன் விற்கும் தாயின் மகன். மலக்குழியில் இறங்கிச் சாகும் தோழர்களைப் பற்றித் திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு, 2017-இல், ஒளிப்பதிவு செய்தவர். கையால் மலம் அள்ளுவதை 1993-லும் 2013-லும் சட்டம் தடுத்தது; சாவு நிற்கவில்லை. நாட்டிலேயே இத்தகைய சாவுகள் மிகுந்த மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று என்பதை நாம் வெட்கத்தோடுதான் எழுதுகிறோம். பழனிக்குமார் அந்தக் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் படம் பிடித்தார். 2022-இல் தயானிதா சிங் - பாரி ஆவண நிழற்பட விருதை முதலாவதாகப் பெற்றார். விருதோடு நின்றிருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டோம். தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காமிரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். 2023-இல், ஆலைப் புகையும் சாம்பலும் சூழ்ந்த வடசென்னை இளைஞர்கள் தங்கள் ஊரைத் தாங்களே பிடித்த படங்கள் காட்சிக்கு வந்தன. எங்கே தெரியுமா? எழும்பூர் அருங்காட்சியகத்தில்! தர்ஸ்டன் மூக்களந்த அதே இடத்தில், அளக்கப்பட்டவர்களின் கொள்ளுப்பேரர்கள் தம் கண்ணால் கண்டதைத் தொங்கவிட்டார்கள்.

மூக்கு என்றதும் கடலூர்க்காரனுக்கு வேறொன்று நினைவுக்கு வரவேண்டும். முதுநகருக்குத் தெற்கே, உப்பனாற்றை ஒட்டி, சிப்காட் இரசாயன ஆலைகள். நாற்றம் வீசுகிறது என்று ஊரார் சொன்னபோதெல்லாம், சான்று எங்கே என்று கேட்டனர். 2004-இல் அந்த ஊர்களின் மக்களே ‘சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்’ என்று குழு அமைத்தனர். எந்த நாள், எந்த நேரம், எந்தத் திசைக் காற்று, என்ன நாற்றம் — அழுகிய முட்டையா, பிணவாடையா, நகப்பூச்சா — எரிந்தது கண்ணா, அடைத்தது தொண்டையா என்று குறிப்பேட்டில் எழுதினர். வாளியைக் கொண்டே காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பி, அறிக்கை வெளியிட்டனர். தர்ஸ்டன் மக்களின் மூக்கை அளந்தார். குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் மக்கள் தம் மூக்கால் ஆலையை அளந்தனர்! கூட்டு உருவப்படம் கேட்பதும் இதே உரிமையைத்தான்: பாதிக்கப்பட்டவன் சான்றுப்பொருள் அல்லன், சாட்சி.

எதிர்ப்புகளைச் சந்திப்போம். பரிதாபம் காட்டினால்தான் பணம் வரும் என்பர். வரும், ஒரு முறை வரும். அடுத்த வெள்ளத்துக்கு அதைவிடப் பரிதாபமான முகம் தேடவேண்டும். பண்ணுருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் உள்ளங்கையைப் பாருங்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் தோலை அரித்துக் கருக்கியிருக்கும். அந்தக் கையை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கிக் காட்டினால் பார்ப்பவன் ‘ஐயோ’ என்பான். ஐயோ என்றபடியே முந்திரியை வாயில் போட்டுக்கொள்வான். அந்தப் பெண்ணோடு அமர்ந்து கேட்டால் அவர் என்ன காட்டச் சொல்வார்? கையுறை இல்லாத மேசையைக் காட்டச் சொல்லலாம். கூலிச் சீட்டைக் காட்டச் சொல்லலாம். ‘கையைக் காட்டாதீங்க, என் மகள் வாங்கிய மதிப்பெண்ணைக் காட்டுங்க’ என்றும் சொல்லலாம். அதையும் காட்டத்தான் வேண்டும். ‘நமக்கு வேண்டிய செய்தி அதிலே இல்லையே’ என்று முகம் சுளிக்கும் சீர்திருத்தக்காரர், மக்களுக்காக அல்ல, தம் துண்டறிக்கைக்காக வந்தவர்.

கையெழுத்து வாங்கிவிட்டோமே, பெருவிரல் ரேகை வாங்கிவிட்டோமே என்பர். தோழர்களே, பெருவிரல் ரேகை வாங்கியே எத்தனை ஏக்கர் நிலம் இந்த நாட்டில் கைமாறியிருக்கிறது என்பதை மறந்தீர்களா? ‘வேண்டாம்’ என்று சொன்னால் அரிசிப் பை நின்றுவிடும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் ‘சரி’ என்ற சொல்லுக்குப் பொருளில்லை. பையை முதலில் கொடுங்கள். போய்விட்டு, மறுநாள் வெறுங்கையோடு வந்து கேளுங்கள்.

இன்னொரு எதிர்ப்பு கனமானது. அதை எளிதில் தள்ளமுடியாது. முகத்தைக் காட்டுவது சிலருக்கு ஆபத்து. சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றலாம். கைப்பேசியில் பறந்த படத்தை யாரும் திரும்பப் பிடிக்கமுடியாது. எச்.ஐ.வி.யோடு வாழ்பவரின் நிலையை அவர் தெளிந்து இசையாமல் வெளியிடுவதைத் தடுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நெறி அதுவே. ஆகவே கூட்டுப் படம் என்றால் எல்லோரும் முகம் காட்டவேண்டும் என்பதன்று. முதுகைக் காட்டலாம், கையை, நிழலை, வாசற்படியை, கழற்றிவைத்த செருப்பைக் காட்டலாம். எதையுமே காட்டமாட்டேன் என்றும் சொல்லலாம். அதுவும் கூட்டு முடிவுதான். ஆனால் முகத்தை மறைப்பது அவர் விருப்பமாக இருக்கவேண்டும். மேலே கறுப்புப் பட்டை ஒட்டி, குற்றவாளிபோலாக்கி, ‘பாதுகாத்தோம்’ என்று நாமே சொல்லிக்கொள்வது பாதுகாப்பன்று.

ஆண்டுதோறும் சித்திரையில் கூவாகத்தில் நடப்பதை அறிவீர்கள். கடலூர் தலைநகராயிருந்த பழைய தென்னார்க்காட்டு மண்தான் அதுவும். திருநங்கையர் தாலியறுத்து அழும் அந்த ஒரு காலைப்பொழுதுக்கு நாடெங்கும் இருந்து காமிராக்கள் வந்து மொய்க்கின்றன. வாடகை வீடு மறுக்கப்படும் நாளில், வேலை கேட்டு அலையும் நாளில் ஒரு காமிராவும் இல்லை. கண்ணீருக்கு மட்டும் கூட்டம்!

திருப்பாதிரிப்புலியூர் இளைஞர்களிடம் நாம் வேண்டுவது பெரிய செலவல்ல. காமிரா எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். தூய்மைப் பணியாளர் குடியிருப்பானாலும் சரி, முதுநகர்த் துறைமுகத்தில் மீன் விற்கும் பெண்களின் வரிசையானாலும் சரி. முதல் வாரம் படமே பிடிக்கவேண்டாம், உட்கார்ந்து பேசுங்கள். ஒரு கண்ணாடியையும் சீப்பையும் கொண்டுபோங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கொண்டுபோங்கள். பிடித்த படங்களை அவர்களிடம் காட்டி, வேண்டாதவற்றை அவர்கள் விரலாலேயே அழிக்கச் சொல்லுங்கள். அடியிலே எழுதவேண்டியதை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். நமது அடுக்குமொழியை அங்கே நுழைக்கவேண்டாம். அச்சிட்ட முதற்படி, படத்தில் இருப்பவர் வீட்டுக்குப் போகட்டும். பிறகு காட்சி. கல்யாண மண்டபத்தில் நாடா வெட்டி வைப்பதல்ல. பேருந்து நிலையத்தில், தேநீர்க்கடை ஓரத்தில், ஆரம்பச் சுகாதார நிலைய வாசலில், அந்தத் தெருவின் முனையில். திறந்துவைப்பவர் அமைச்சரோ வட்டாட்சியரோ அல்லர், படத்தில் இருப்பவர். அமைச்சரும் வட்டாட்சியரும் வந்து பார்க்கட்டும்; படத்தின் பக்கத்திலே அவர் நின்று பதில் சொல்வார், கேள்வியும் கேட்பார். குழாயில் வரும் மஞ்சள் தண்ணீரைப் பற்றி அறிக்கை படிக்க மறுத்த அதிகாரி, அந்தத் தண்ணீர்ச் சொம்பைக் கையில் ஏந்தி நிமிர்ந்து நிற்கும் படத்தின் முன், சொம்புக்குச் சொந்தக்காரரும் அருகே நிற்க, என்ன சொல்லித் தப்புவார் என்று பார்க்கலாம்.

ஐப்பசி பிறந்தால் கெடிலத்தில் நீர் ஏறும். அரிசிப் பைகளும் அவற்றோடு காமிராக்களும் வரும். அதற்குள் ஒரு தெருவிலாவது முடித்துவிட்டால், பையோடு வருபவரைப் பார்த்து, ‘எங்கள் படம் எங்களிடமே இருக்கிறது, பையை மட்டும் இறக்கிவையுங்கள்’ என்று அந்தத் தெருவே சொல்லும்.